வளரும் நரம்பிழைக்கு வழிகாட்டும் மூலக்கூறுகள்: முதல் சோதனையைத் தொடங்குவோருக்கு

கருவில் வளரும் நரம்பிழையைச் சில மூலக்கூறுகள் ஈர்க்கின்றன, சில விலக்குகின்றன என்று பாடநூல்கள் இரண்டு பக்கத்தில் சொல்லி முடித்துவிடுகின்றன. அதையே ஒரு வளர்ப்புத் தட்டில் நம் கையால் செய்து காட்ட முனையும்போதுதான் எந்த வயதுக் கரு, எந்த நரம்பணு, எந்தத் தளம், எவ்வளவு புரதம், எதனோடு ஒப்பிடுவது என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆய்வுக்கட்டுரைகளின் செய்முறைப் பகுதியோ இவற்றில் பாதியைச் சொல்வதில்லை. அருகிலிருந்து கற்றுத்தர ஆளில்லாத இடத்தில் இந்தச் சோதனையை நிலைநிறுத்தப் பெரும்பாடு பட்ட பிறகு, அடுத்து வருபவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

செல் வளர்ப்பில் அடிப்படைப் பழக்கமும், ஒளிர்வு நுண்ணோக்கியைப் பயன்படுத்தும் வாய்ப்பும் உங்களுக்கு இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் சோதனையாக நான் பரிந்துரைப்பது, கோழிக்கருவின் முதுகுத்தண்டை (தண்டுவடத்தை) ஒட்டி அமைந்த உணர்வு நரம்பணுத் திரளான முதுகுவேர் நரம்புமுடிச்சிலிருந்து வளரும் இழைகளின் நுனியை, அதாவது வளர்கூம்பை, செமாஃபோரின் 3ஏ என்ற புரதம் சுருங்கச் செய்வதைக் காட்டும் வளர்கூம்புச் சுருக்கச் சோதனை. உங்கள் உண்மையான ஆர்வம் நெட்ரின், ஸ்லிட் போன்ற வேறு வழிகாட்டும் புரதங்களிலோ இதுவரை யாரும் ஆராயாத ஒரு புரதத்திலோ இருக்கலாம். அப்படியிருந்தாலும் இதிலிருந்தே தொடங்குங்கள். விடை தெரிந்த ஒரு சோதனை உங்கள் கையில் சரியாக வந்த பிறகுதான், விடை தெரியாத சோதனையில் கிடைக்கும் முடிவை நீங்கள் நம்ப முடியும்.

1. கேள்வியை முடிவு செய்த பிறகே புரதத்தை வாங்குங்கள்

"இந்த மூலக்கூறு ஈர்க்குமா, விலக்குமா?" என்ற கேள்வி முழுமையற்றது. எந்த நரம்பணுவை, எந்த வயதில், எந்தத் தளத்தின் மேல் என்பவற்றையும் சேர்த்தால்தான் அதற்கு விடை உண்டு. ஏனென்றால் சமிக்ஞை ஒன்றாகவே இருந்தாலும் அதைப் பெறும் இழையில் உள்ள ஏற்பியும், அந்த இழையின் உள்நிலையும் அதன் பொருளை மாற்றிவிடுகின்றன.

நெட்ரின்-1 இதற்குத் தெளிவான சான்று. இழையில் டிசிசி என்ற ஏற்பி மட்டும் இருந்தால் நெட்ரின் ஈர்க்கிறது. அன்க்-5 குடும்பத்து ஏற்பி உடன் இருந்தால் விலக்குகிறது. ஏற்பியை மாற்றாமலே இதைத் திருப்பவும் முடியும்: தவளைக்கருவின் நரம்பணுக்களில் செல்லுக்குள் செய்தி கடத்தும் வட்ட ஏஎம்பி வழித்தடத்தைத் தடுத்தபோது நெட்ரினின் ஈர்ப்பு விலக்கலாக மாறியதை 1997ஆம் ஆண்டிலும், விழித்திரை இழைகள் வளரும் தளத்தில், செல்கள் ஒட்டிக்கொள்ள உதவும் புரதமான லாமினின் இருந்தால் அதே திருப்பம் நிகழ்வதை 1999ஆம் ஆண்டிலும் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே, ஒட்டிக்கொள்வதற்காகத் தட்டின் அடியில் பூசும் பூச்சுகூடச் சோதனையின் ஒரு மாறியே. இதை அறியாமல் இரண்டு ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிட்டுக் குழம்புவோர் ஏராளம்.

செமாஃபோரின் 3ஏ விஷயத்திலும் ஆள் பார்த்துத்தான் விளைவு. முதுகுவேர் நரம்புமுடிச்சில் பலவகை உணர்வு நரம்பணுக்கள் உள்ளன. வலியையும் வெப்பத்தையும் உணர்பவை நரம்பு வளர்ச்சிக் காரணியான என்ஜிஎஃப்பை நம்பி வாழ்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் நியூரோபிலின்-1, பிளெக்சின்-ஏ ஆகிய ஏற்பிகள் இணைந்து செயல்படுகின்றன. எனவே செமாஃபோரின் 3ஏ பட்டதும் அவை சுருங்குகின்றன. தசையின் நீட்சியை உணரும் நரம்பணுக்கள் என்டி-3 என்ற வேறொரு காரணியைச் சார்ந்தவை. கரு முதிர்ந்த நிலையில் அவை இந்தப் புரதத்தைப் பொருட்படுத்துவதில்லை. அதனால்தான் முதுகுத்தண்டின் வயிற்றுப்புறப் பகுதிக்குள் அவற்றால் நுழைய முடிகிறது. வளர்ப்பு ஊடகத்தில் எந்தக் காரணியைச் சேர்க்கிறீர்களோ, அதைச் சார்ந்த நரம்பணுவே தட்டில் இழை விட்டு நிற்கும். என்ஜிஎஃப்புக்குப் பதிலாக என்டி-3 சேர்த்துவிட்டு, புரதம் வேலை செய்யவில்லை என்று உற்பத்தியாளருக்குப் புகார் எழுதுவதில் பயனில்லை.

கோழிக்கருவின் விழித்திரை இழைகள் செமாஃபோரின் 3ஏ பட்டாலும் சுருங்குவதில்லை. இது தொல்லையல்ல, உங்களுக்குக் கிடைத்த நல்ல ஒப்பீடு: அதே புரதம், அதே நாள், வேறு நரம்பணு, விளைவு இல்லை. இந்த ஒரு தட்டு உங்கள் முடிவுக்குத் தரும் வலிமையைப் பத்துத் தட்டுகள் கூடுதலாக எண்ணினாலும் பெற முடியாது.

2. ஆவணங்களை முதல் நாளே தொடங்குங்கள்

புரதம் சில நாள்களில் வந்துவிடும், கையெழுத்து வாராது. பின்வரும் தாள்களைச் சோதனைத் திட்டம் எழுதும் அன்றே கேட்டுவிடுங்கள்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் கடிதம்: பல நாடுகளின் விதிகள் அடைகாப்புக் காலத்தின் முதற்பகுதியில் உள்ள கோழிக்கருவைச் சோதனை விலங்காகக் கணக்கிடுவதில்லை. 21 நாள் அடைகாப்பில் நாம் பயன்படுத்துவது 7 அல்லது 8ஆம் நாள் கரு என்பதால், பெரும்பாலும் முழு அனுமதி தேவைப்படாது. ஆனால் "தேவைப்படாது" என்பதை வாய்வழியாகக் கேட்டுக்கொண்டு விட்டுவிடாதீர்கள். கருவின் வயது, எண்ணிக்கை, உயிர்நீக்கும் முறை ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் குழுவுக்கு அனுப்பி, விலக்கு உண்டு என்ற பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். கட்டுரையை வெளியிட அனுப்பும்போது இதழ்கள் இதைக் கேட்கும். அந்த நேரத்தில் பின்தேதியிட்டு யாரும் கடிதம் தர மாட்டார்கள்.

பொருள் பரிமாற்ற ஒப்பந்தம்: புரதத்தை விலைக்கு வாங்காமல், அதை உருவாக்கும் மரபணு கொண்ட டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிடை வேறொரு ஆய்வகத்திலிருந்தோ பொதுக் களஞ்சியத்திலிருந்தோ பெறுவதாக இருந்தால் இது தேவை. இதில் கையொப்பமிடும் அதிகாரம் நிறுவனத்தின் உரிய அலுவலருக்கு மட்டுமே உண்டு. மாணவருக்கு இல்லை, பெரும்பாலான இடங்களில் வழிகாட்டிப் பேராசிரியருக்கும் இல்லை. பேராசிரியர் ஒப்பமிட்ட தாள் திரும்பி வந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்போது வாரக்கணக்கில் காலம் போகிறது. யார் ஒப்பமிட வேண்டும் என்பதை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

உயிரியல் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல்: பிளாஸ்மிடை மனிதச் செல்களில் செலுத்திப் புரதம் எடுப்பது மரபணு மறுசேர்க்கைப் பணியாகும். விலைக்கு வாங்கிய தூய புரதத்தை மட்டும் பயன்படுத்தினால் இது பொதுவாக வேண்டியதில்லை. அவசரத்தில் இருப்பவர்கள் முதல் சோதனைக்குப் புரதத்தை வாங்கிவிடுவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறக்குமதி அனுமதி: உயிரியல் பொருள் எல்லை தாண்டி வருமானால் அதற்கான அனுமதியையும், பொருள் உலர் பனியில் வருகிறதா என்பதையும் அனுப்புபவரிடம் உறுதிசெய்யுங்கள். சுங்கத்தில் தேங்கி உருகிய புரதம் குப்பிக்குள் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், வேலை மட்டும் செய்யாது.

பகுப்பாய்வுச் சான்றிதழ்: ஒவ்வொரு புரதக் குப்பிக்கும் தொகுதி எண்ணோடு ஒரு சான்றிதழ் உண்டு. அதில் மூன்றைப் பாருங்கள். புரதத்தோடு எஃப்சி என்ற எதிர்ப்புரதப் பகுதி இணைக்கப்பட்டிருக்கிறதா, அல்பூமின் சேர்த்திருக்கிறதா, செயல்திறனை எந்தச் சோதனையால் அளந்திருக்கிறார்கள் என்பவையே அவை. கடைசியில் உள்ளது மிக முக்கியம். ஏற்பியோடு ஒட்டுகிறது என்று மட்டும் காட்டியிருந்தால், வளர்கூம்பைச் சுருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

3. செலவு எங்கே போகிறது

முட்டைக்கான செலவு மிகக் குறைவு. புரதமும் என்ஜிஎஃப்பும் லாமினினும் செல்லின் ஆக்டின் என்ற புரத இழைகளில் ஒட்டும், ஒளிர் சாயமேற்றிய ஃபல்லாய்டினும்தான் பணத்தை விழுங்குகின்றன. இவற்றில் நியாயமாகக் குறைக்கக்கூடிய இடங்கள் சில உண்டு.

என்ஜிஎஃப்பில், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுக்கப்படும் 2.5எஸ் வகை, மறுசேர்க்கை முறையில் தயாரித்ததைவிடப் பொதுவாக மலிவு. கோழி நரம்பணுக்களுக்கு அது நன்றாகவே போதும். பெரிய தட்டுகளுக்குப் பதிலாகச் சிறு கிண்ணங்கள் கொண்ட வளர்ப்புத் தகட்டைப் பயன்படுத்தினால் ஊடகத்தின் கன அளவு பல மடங்கு குறையும். புரதச் செலவும் அதே விகிதத்தில் குறையும். செமாஃபோரினில் பெரிய குப்பியை வாங்காமல், மிகச் சிறிய குப்பியை முதலில் வாங்கிச் செயல்திறனைச் சோதித்து, வேலை செய்தால் அதே தொகுதி எண்ணில் கூடுதலாக ஒதுக்கி வைக்கும்படி விற்பவரிடம் கேளுங்கள்.

குறைக்கக் கூடாத இடம் லாமினின். இழைகள் நன்றாக விரிந்து வளராத தட்டில் சுருக்கத்தை அளக்கவே முடியாது. அதுபோல, எஃப்சி இணைந்த புரதத்தை வாங்கினால் ஒப்பீட்டுக்கு வெறும் எஃப்சி புரதத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். அது இல்லாத முடிவை எந்த மதிப்பீட்டாளரும் ஏற்க மாட்டார்.

மனிதச் சிறுநீரகச் செல்வரிசையில் பிளாஸ்மிடைச் செலுத்தி, செல்கள் சுரந்த ஊடகத்தையே புரதமாகப் பயன்படுத்தும் வழியும் உண்டு. நீண்ட காலத் திட்டத்துக்கு இதுவே சிக்கனம். ஆனால் செறிவு தெரியாது. வெற்றுப் பிளாஸ்மிடைச் செலுத்திய செல்களின் ஊடகத்தை ஒவ்வொரு முறையும் ஒப்பீடாக வைத்தாக வேண்டும்.

4. முட்டையும் நாள்காட்டியும்

கருவுற்ற முட்டை எல்லாவற்றிலும் கரு வளர்ந்துவிடாது. எனவே தேவைக்கு மேல் வாங்குங்கள். வாங்கிய முட்டையை அகன்ற முனை மேலிருக்குமாறு, சுமார் 12 முதல் 16 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு வாரம் வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் வைத்தால் கரு வளரும் வாய்ப்பு குறைகிறது. வீட்டுக் குளிர்பெட்டியின் குளிர் இதற்குக் கூடாது. அடைகாப்புப் பெட்டியில் 37.5 முதல் 38 டிகிரியும் போதிய ஈரப்பதமும் இருக்க வேண்டும். நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் இருட்டில் விளக்கின் முன் பிடித்துப் பார்த்தால் இரத்தக் குழாய்கள் தெரியும் முட்டைகளைப் பிரித்துவிடலாம்.

திங்கள் காலை முட்டையை அடைகாப்பில் வையுங்கள். அடுத்த திங்களில் அது 7ஆம் நாள் கரு. அன்று முடிச்சுகளை எடுத்து வளர்ப்பில் இட்டால், செவ்வாயன்று புரதம் சேர்த்து, பிறகு செல்களை வேதிக்கரைசலால் அப்படியே நிலைப்படுத்தலாம், புதனன்று சாயமிடலாம், வியாழனும் வெள்ளியும் படமெடுக்கலாம். வார இறுதியில் யாரும் வர வேண்டியதில்லை. ஒவ்வொரு திங்களும் ஒரு தொகுதி முட்டையை வைத்துவந்தால் வாரத்துக்கு ஒரு சோதனை நடக்கும்.

நாள் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். அடைகாப்பின் வெப்பம் சற்றுக் குறைந்தாலே கரு பின்தங்கிவிடும். ஹாம்பர்கர்-ஹாமில்டன் நிலை அட்டவணையில் கருவின் கால், இறக்கை, அலகு ஆகியவற்றின் வடிவத்தைக் கொண்டு நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். 7ஆம் நாள் கரு ஏறத்தாழ 30 அல்லது 31ஆம் நிலையில் இருக்க வேண்டும். குறிப்பேட்டில் நாளோடு நிலை எண்ணையும் எழுதும் பழக்கம், பின்னாளில் ஒத்துவராத ஒரு முடிவுக்குக் காரணம் தேடும்போது கைகொடுக்கும்.

5. தட்டைத் தயாரித்தல்

கண்ணாடி வில்லையை முதலில் பாலி-டி-லைசினாலும், நன்றாகக் கழுவிய பிறகு லாமினினாலும் பூச வேண்டும். லாமினினுக்கு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் செறிவு போதும். 37 டிகிரியில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். பாலி-டி-லைசினைச் சரியாகக் கழுவாவிட்டால் அது செல்களைக் கொல்லும். லாமினினை உறைநிலையிலிருந்து நேரே அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் குழாயிலேயே கூழாகிவிடும் என்பதால், 4 டிகிரியில் மெதுவாக உருக வையுங்கள். பூசிய பரப்பை ஒரு கணமும் உலர விடாதீர்கள். உலர்ந்த இடத்தில் இழை வளராது. வளர்ந்தாலும் ஒழுங்கற்று வளரும்.

6. நரம்புமுடிச்சை எடுத்தல்

எல்லாக் கருவிகளையும் 70 சதவீத எத்தனாலில் தூய்மைப்படுத்துங்கள். முட்டையின் அகன்ற முனையை உடைத்துக் கருவைக் குளிர்ந்த உப்புக் கரைசலுக்கு மாற்றி, உடனே தலையை நீக்கிவிடுங்கள். கருவை மல்லாத்தி நெஞ்சையும் வயிற்றையும் திறந்து உள்ளுறுப்புகளை மென்மையாக அகற்றினால், நடுவில் முதுகெலும்புக் குருத்தும் அதன் இருபுறமும் வரிசையாக அமைந்த முடிச்சுகளும் தெரியும்.

முதல்முறை செய்பவர் தடுமாறும் இடம் இதுதான். வயிற்றுப்புறத்தில் முதலில் கண்ணில் படும் மெல்லிய வரிசை பரிவு நரம்புச் சங்கிலி. நமக்கு வேண்டியவை அதற்குச் சற்று ஆழத்தில், முதுகுத்தண்டை ஒட்டியிருக்கும் பெரிய முடிச்சுகள். அவை நீள்வட்டமாக, சற்றே ஒளி ஊடுருவும் வெண்ணிறத்தில், ஒருபுறம் முதுகுத்தண்டோடும் மறுபுறம் வெளிச்செல்லும் நரம்போடும் இணைந்திருக்கும். அடையாளம் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், பின்னங்காலுக்குச் செல்லும் தடித்த நரம்பைப் பிடித்து அதன் வேர் வரை பின்தொடருங்கள். அது முடியும் இடத்தில் இருப்பவை இடுப்புப்பகுதி நரம்புமுடிச்சுகள். உருவில் பெரியவையும் அவையே. பரிவு முடிச்சுகள் கலந்தாலும் இழை விடக்கூடும், ஆனால் அவை வேறு நரம்பணுக்கள்; எண்ணிக்கை முழுவதும் மாசுபட்டுவிடும்.

முடிச்சைச் சுற்றியுள்ள சவ்வையும் ஒட்டியிருக்கும் நரம்புத் துண்டையும் நுண்ணிடுக்கியால் நீக்குங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒன்று அல்லது இரண்டை மட்டும் வையுங்கள். முடிச்சு மிதக்காமல் அடியில் ஒட்டுவதற்காக, முதல் சில மணி நேரம் பரப்பை நனைக்கும் அளவுக்கு மட்டும் ஊடகம் ஊற்றி, ஒட்டிய பிறகு மீதியைச் சேர்க்க வேண்டும். ஊடகத்தில் என்ஜிஎஃப் மில்லிலிட்டருக்கு 20 முதல் 50 நானோகிராம் இருக்கட்டும். அதிகம் சேர்த்தால் நல்லதுதானே என்று கூட்டிவிடாதீர்கள்: என்ஜிஎஃப் செறிவு உயர்ந்தால் செமாஃபோரின் 3ஏவுக்கு வளர்கூம்பின் உணர்திறன் குறைகிறது. ஒரு செறிவைத் தேர்ந்து, சோதனைத் தொடர் முடியும் வரை அதை மாற்றாதீர்கள்.

18 முதல் 24 மணி நேரத்தில் முடிச்சைச் சுற்றி இழைகள் எல்லாத் திசையிலும் விரிந்திருக்கும். இரண்டு நாள் வரை விட்டால் இழைகளைப் பின்தொடர்ந்து பிற செல்களும் வெளியேறி வந்து நுனிகளை மறைத்துவிடும். எனவே மறுநாளே சோதனையை நடத்திவிடுவது நல்லது.

7. புரதத்தைச் சேர்த்தல், நிலைப்படுத்தல்

இந்த ஒரு மணி நேரம்தான் மொத்தச் சோதனையின் தலைவிதி. நல்ல நிலையிலுள்ள வளர்கூம்பை நுண்ணோக்கியில் பார்த்தால், விரல்களை அகல விரித்த உள்ளங்கையைப்போல், தட்டையான பரப்பும் அதன் விளிம்பிலிருந்து நீளும் மெல்லிய விரல் போன்ற நீட்சிகளான ஃபிலோபோடியாக்களும் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். செமாஃபோரின் பட்ட சில நிமிடங்களில் விளிம்பு பின்வாங்கத் தொடங்கும். நீட்சிகள் ஒவ்வொன்றாக மறையும். அரை மணி நேரத்தில் இழையின் நுனி ஒரு மெல்லிய கம்பியாக ஒடுங்கி நிற்கும். ஆனால் குளிர்ந்த ஊடகம், பிஎச் மாற்றம், வேகமாக ஊற்றிய நீரோட்டம், தட்டை எடுத்துச் செல்லும்போது ஏற்படும் அதிர்வு ஆகியவையும் இதே காட்சியைத் தரும். புரதத்தின் விளைவையும் கைத்தவற்றின் விளைவையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

ஆகவே, புரதம் கலந்த ஊடகத்தை 37 டிகிரியில், கார்பன் டைஆக்சைடு உள்ள அதே வளர்ப்புப் பெட்டியில் முன்கூட்டியே வைத்துச் சமநிலைப்படுத்துங்கள். கிண்ணத்தின் ஓரமாக, மிக மெதுவாகச் சேருங்கள். ஒப்பீட்டுக் கிண்ணத்துக்கும் அதே கன அளவில், அதே வேகத்தில் எஃப்சி புரதத்தைச் சேருங்கள். 30 நிமிடம் அசையாமல் வையுங்கள்.

செறிவு விஷயத்தில் ஒரே அளவை வைத்துத் தொடங்க வேண்டாம். ஒரே பெயரில் வரும் புரதங்களும் தொகுதிக்குத் தொகுதி செயல்திறனில் வேறுபடுகின்றன. மில்லிலிட்டருக்குச் சில பத்து நானோகிராமிலிருந்து ஒரு மைக்ரோகிராம் வரை ஐந்து படிகள் வைத்து, பாதி வளர்கூம்புகள் சுருங்கும் செறிவைக் கண்டறியுங்கள். பின்னாளில் ஒரு தடுப்பான் விளைவைக் குறைக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், உச்சச் செறிவில் பார்த்தால் எதுவும் தெரியாது. இந்தப் பாதிச் செறிவில்தான் தெரியும்.

புரதத்தைக் கரைத்த அன்றே சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள். உருக்கி உறையவைக்கும் ஒவ்வொரு முறையும் செயல்திறன் குறையும். மிகக் குறைந்த செறிவில் புரதம் குழாயின் சுவரில் ஒட்டி மறைந்துவிடும் என்பதால் 0.1 சதவீத அல்பூமின் சேர்ப்பது நல்லது.

நிலைப்படுத்தும் கரைசலும் வெதுவெதுப்பாகவே இருக்க வேண்டும். ஊடகத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு ஊற்றினால் பாதி வளர்கூம்புகள் பிய்ந்துபோகும். அதற்குப் பதிலாக, 8 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் கிண்ணத்திலுள்ள ஊடகத்துக்குச் சம அளவில் ஓரமாகச் சேர்த்தால், இறுதிச் செறிவு 4 சதவீதமாகிவிடும். 20 முதல் 30 நிமிடம் போதும். இதை ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைபோக்கிப் பெட்டியில் மட்டுமே செய்யுங்கள். ஆவி கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு. பிறகு ஃபல்லாய்டினால் ஆக்டின் இழைகளுக்குச் சாயமிடலாம்.

8. எண்ணுதல்

தட்டையான விளிம்பு இல்லாமலும், ஃபிலோபோடியா இரண்டுக்கு மேல் இல்லாமலும் இருந்தால் சுருங்கியது என்று கொள்ளுங்கள். இந்த வரையறையை எண்ணத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பிற இழைகளோடு பின்னிக்கொண்ட நுனிகளை விட்டுவிடுங்கள். தனித்து நிற்பவற்றை மட்டும் ஒரு கிண்ணத்துக்கு 50 முதல் 100 வரை எண்ணுங்கள்.

எந்தக் கிண்ணத்தில் எந்தப் புரதம் என்பது எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. வேறொருவரைக் கொண்டு படக்கோப்புகளின் பெயரை மாற்றச் சொல்லுங்கள். பாதி சுருங்கிய நுனிகள் நிறைய இருக்கும். பெயர் தெரிந்தால் எவ்வளவு நேர்மையானவர் கண்ணும் அவற்றை எதிர்பார்த்த பக்கமே சேர்க்கும்.

ஒப்பீட்டுக் கிண்ணத்தில் கால்வாசிக்கு மேல் சுருங்கியிருந்தால் அந்த நாளின் சோதனையை ஒதுக்கிவிடுங்கள். இந்த விதியையும் முன்பே எழுதிவைக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு எழுதினால் அது விதியாகாது.

புள்ளியியலில் மிகப் பரவலான பொறி ஒன்று இருக்கிறது. ஒரே முடிச்சிலிருந்து வந்த 100 வளர்கூம்புகளை 100 தனிச் சோதனைகளாகக் கணக்கிட்டால் எந்தச் சிறு வேறுபாடும் உறுதியானதாகத் தோன்றும். உங்கள் எண்ணிக்கை என்பது தனித்தனி நாள்களில், தனித்தனிக் கருக்களில் செய்த சோதனைகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சதவீதம், அந்தச் சதவீதங்களை வைத்து ஒப்பீடு. குறைந்தது மூன்று தனிச் சோதனைகளாவது இல்லாமல் பேராசிரியரிடம் முடிவு என்று கொண்டு செல்லாதீர்கள்.

9. விளைவு வராவிட்டால்

முதலில் ஒப்பீட்டுக் கிண்ணத்தைப் பாருங்கள், பிறகே புரதத்தைச் சந்தேகியுங்கள். ஒப்பீட்டிலேயே எல்லாம் சுருங்கியிருந்தால் காரணம் வெப்பம், பிஎச், நிலைப்படுத்தல் ஆகியவற்றில் ஒன்று. இரண்டு கிண்ணங்களிலும் எதுவுமே சுருங்காவிட்டால் புரதம் செயலிழந்திருக்கலாம், அல்லது என்ஜிஎஃப் அளவுக்கு மீறியிருக்கலாம். இழையே சரியாக வளராவிட்டால் லாமினின் பூச்சைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கெடு நெருங்கும்போது எல்லோரும் மூன்றை மாற்றுகிறார்கள்.

வழிகாட்டும் மற்றொரு புரதமான எஃப்ரின்-ஏ5 வைத்துச் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. கருவில் எஃப்ரின் செல்லின் சவ்வில் பொருந்தியே இருக்கும். கரைந்த நிலையிலுள்ள தனி மூலக்கூறு ஏற்பியில் ஒட்டினாலும் அதைத் தூண்டாமல், சில வேளைகளில் தடுத்தே விடுகிறது. எனவே எஃப்சிக்கு எதிரான எதிர்ப்புரதத்தோடு முன்கூட்டியே கலந்து கொத்தாக்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும். ஒப்பீட்டு எஃப்சியையும் அதே வகையில் கொத்தாக்க வேண்டும். விழித்திரையில் பொட்டுப்பக்கத்து இழைகள் இதற்கு வலுவாகச் சுருங்கும், மூக்குப்பக்கத்தவை பெரும்பாலும் தப்பிக்கும். விழித்திரையை எடுக்கும்போதே பக்கத்தைக் குறித்துக்கொள்ளாவிட்டால் இரண்டும் கலந்து ஒரு சராசரிதான் கிடைக்கும்.

10. அடுத்து எங்கே செல்வது

சுருக்கச் சோதனை விலக்கலை மட்டுமே காட்டும். ஈர்ப்பைக் காட்டக் கொலாஜன் கூழ் முறை வேண்டும்: எலிவால் கொலாஜனைப் பனிக்கட்டியின் மேல் வைத்து ஊடகத்தோடு கலந்து, நரம்புத் திசுவையும் புரதம் சுரக்கும் செல் திரளையும் 200 முதல் 500 மைக்ரோமீட்டர் இடைவெளியில் புதைத்து, 37 டிகிரியில் இறுகவிட வேண்டும். 36 முதல் 48 மணி நேரத்துக்குப் பிறகு, செல் திரளை நோக்கிய பக்கத்தின் இழை வளர்ச்சியை எதிர்ப்பக்க வளர்ச்சியால் வகுத்தால், ஒன்றுக்கு மேல் ஈர்ப்பு, ஒன்றுக்குக் கீழ் விலக்கல். இடைவெளி சீராக இல்லாவிட்டால் இந்த எண்ணுக்குப் பொருளில்லை. எனவே ஒவ்வொரு கூழிலும் இடைவெளியை அளந்து எழுதுங்கள்.

கூழில் தெரிவதைக் கருவில் நடப்பதாக எழுதிவிடாதீர்கள். 1994இல் நரம்பியல் ஆய்வாளர் மார்க் டெசியே-லவீன் குழுவினர் நெட்ரின்களைப் பிரித்தெடுத்த காலத்திலிருந்து, முதுகுத்தண்டின் அடித்தட்டிலிருந்து பரவும் நெட்ரின் தொலைவிலிருந்தே இழைகளை ஈர்க்கிறது என்பதே பாடமாக இருந்தது. 2017இல் சுண்டெலிகளில் அடித்தட்டின் நெட்ரினை மட்டும் நீக்கிப் பார்த்தபோது இழைகள் பெரும்பாலும் வழி தவறவில்லை. நரம்புக் குழாயின் உட்பகுதிச் செல்கள் உருவாக்கி இழைகளின் பாதையோரத்தில் படியும் நெட்ரின்தான் பெரும்பங்கு வகிக்கிறது என்று தெரிந்தது. கூழ்ச் சோதனை பொய்யில்லை. நெட்ரினால் ஈர்க்க முடியும் என்று அது காட்டியது, கருவில் அந்தத் தொலைவிலிருந்துதான் ஈர்க்கிறது என்று காட்டவில்லை.

பரப்பில் ஒட்டிய புரதத்தை இழை தவிர்க்கிறதா என்று பார்க்கப் பட்டைச் சோதனை ஏற்றது. சிலிக்கோன் அச்சால் இரண்டு புரதங்களை மாறி மாறிப் பட்டைகளாகப் பூசி, எந்தப் பட்டையில் இழை செல்கிறது என்று பார்ப்பார்கள். நுண்குழாயிலிருந்து புரதத்தைக் கசியவிட்டு இழை திரும்புவதை நேரில் பதிவுசெய்யும் சோதனைக்குத் தனிக் கருவிகளும் நீண்ட பயிற்சியும் தேவைப்படும் என்பதால், கற்றுத்தர ஆள் கிடைக்கும் வரை அதைத் தள்ளிவைப்பதே நல்லது.

நெட்ரின் வேலைக்குப் பெரும்பாலும் எலி அல்லது சுண்டெலிக் கருவின் முதுகுத்தண்டு தேவைப்படும். தாய் விலங்கைப் பயன்படுத்துவதால் அதற்கு முழு நெறிமுறை அனுமதி கட்டாயம்; குழு கூடும் தேதிகளைப் பொறுத்து அது மாதக்கணக்கில் இழுக்கக்கூடும். செமாஃபோரின் சோதனை முதல்முறை சரியாக வந்த அந்த வாரத்திலேயே, அந்தப் படங்களையும் எண்ணிக்கையையும் இணைத்து விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.